ஏலாக்குறிச்சிக்கும் தரங்கம்பாடிக்கும் நடந்த தமிழ்ச் சண்டை

அரியலூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். சிமெண்ட் ஆலைகள், 1956 ரயில் விபத்து, கங்கைகொண்ட சோழபுரம். கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல் உயிரிகளின் படிமங்களைப் பற்றியும் சொல்வார். ஏலாக்குறிச்சியை யாரும் சொல்வதில்லை. அப்படியே சொன்னாலும் "மாதா கோயில் திருவிழாவுக்குப் போவாங்களே, அந்த ஊரா?" என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால் நாம் இன்றைக்கு எழுதும் தமிழ் எழுத்திலும் உரைநடையிலும் ஒரு பங்கு அந்த ஊரில் இருந்து வந்தது. அதுவும் அமைதியாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து வந்ததில்லை, சண்டை போட்டு வந்தது. நல்ல காரசாரமான சண்டை. ஒரு பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த இத்தாலிக்காரர் வீரமாமுனிவர், கத்தோலிக்கர். இன்னொரு பக்கம் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் லுத்தரன் பாதிரிமார்கள். நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட வராது. இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் தமிழிலேயே திட்டிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏலாக்குறிச்சி, திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரை. 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம். அப்புறம் பெரம்பலூர் மாவட்டம். 2001ல் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007ல் திரும்பவும் பிரித்தார்கள். (எங்க ஊர்ப் பக்கம் ஆளுங்ககிட்ட "உங்க மாவட்டம் எது?"ன்னு கேட்டா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் சொல்வாங்க. காரணம் இதுதான்!) 18ஆம் நூற்றாண்டில் இது அரியலூர் மழவராயர்களின் பாளையம். கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் தஞ்சாவூர் மராத்தியர் ராஜ்ஜியம்.

இந்த ஆறுதான் கதைக்கு முக்கியம். 1701ல் சகஜி மன்னர் காலத்தில் தஞ்சாவூர் சீமையில் கிறிஸ்தவர்கள் மீது பெரிய துன்புறுத்தல் நடந்தது. அங்கே இருந்து தப்பி வந்தவர்களுக்கு ஆற்றைத் தாண்டினால் வேறு ராஜா, வேறு சட்டம். அதனால்தான் அங்கே இருக்கும் மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். வெறும் பக்திப் பெயர் மட்டும் இல்லை, உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களின் பெயர் அது. ஊருக்கும் வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று ஒரு பெயர் வைத்து, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 1735ல் அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவை ஏலாக்குறிச்சியில் குணமானது, அதற்கு நன்றியாக 175 ஏக்கர் நிலம் கொடுத்தார் என்பது கோயில் தரப்பில் சொல்லும் வரலாறு. குணமான கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மழவராயரின் ஆதரவு இல்லாமல் ஒரு வெளிநாட்டுச் சாமியார் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தச் சாமியார் 1680ல் இத்தாலியில் மாந்துவா பக்கம் பிறந்தவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1710ல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருஷமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். கான்ஸ்டன்டைன் என்பதைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பிற்பாடு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது ஆகிவிட்டது. (நான் அந்த வயசுக்கு இன்னும் வரலை. ஆபீஸ்ல ஜாவாவை விட்டுட்டுப் புதுசா ஒரு மொழி கத்துக்கச் சொன்னாலே மூக்கால அழறேன்.) அவர் முப்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்தே தெரியாமல் ஆரம்பித்து, 1726ல் 3615 பாட்டில் தேம்பாவணி என்று ஒரு காப்பியம் முடித்தார். கதாநாயகன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர், அதாவது வளன். கதை நடப்பது யூதேயாவில். நாட்டு வர்ணனையைப் படித்தால் வயலும் தாமரையும் மழையுமாகக் காவிரிப் பாசனப் பகுதி மாதிரிதான் இருக்கும். கம்பனையும் சீவக சிந்தாமணியையும் அந்த அளவுக்கு ஊறப்போட்டுக் குடித்திருக்கிறார் மனுஷன்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்பது தமிழ்ப் புலவர்கள் மத்தியில் வழிவழியாக வரும் செய்தி. இந்தக் கவிராயர் யார் தெரியுமா? கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது எழுதியவர். விறலிவிடு தூது என்னவென்று தெரியாதவர்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் படித்துப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன். ஒரு சேசு சபைத் துறவிக்கு இப்படி ஒரு வாத்தியார்! அந்தத் துறவி 1730ல் திருக்குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் செய்தார், காமத்துப்பாலைத் தொடவே இல்லை. குரு என்ன நினைத்திருப்பார் என்று அவ்வப்போது யோசித்துக்கொள்வேன்.

தேம்பாவணியையே சுப்ரதீபக் கவிராயர்தான் பாடிக்கொடுத்தார் என்று சொன்னவர்களும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. பெஸ்கி எழுதிய இலக்கணங்களைப் பார்த்தால் அந்த மொழி அவருக்குள் இருந்தது என்பது தெரியும். ஆனால் ஒரு சந்தேகமும் இல்லாமல் சொல்லக்கூடியது, அந்தப் புத்தகத்தில் ஒரு ஆள் குரல் மட்டும் இல்லை. கம்பன் இருக்கிறான், திருத்தக்கதேவர் இருக்கிறார், ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஆகிரேதா மரியாள் எழுதிய மாதாவின் வரலாறும் இருக்கிறது. வாத்தியாரின் சந்தமும் எங்கேயோ இருக்கும்.

இப்போது எதிர்த் தரப்புக்கு வருவோம்.

தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் ஊர். டென்மார்க் ராஜா அனுப்பி 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். இரண்டே வருஷத்தில் தான் படித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அச்சு இயந்திரம் வந்தது. 1714, 1715 வாக்கில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1719ல் 36 வயதில் இறந்துபோனார்.

இங்கே ஒரு வேடிக்கை. சீகன்பால்கு கிறிஸ்தவ விஷயங்களைத் தமிழில் சொல்ல வார்த்தைகளை எங்கே இருந்து எடுத்தார்? ராபர்ட் டி நொபிலி 1606ல் மதுரைக்கு வந்ததில் இருந்து கத்தோலிக்கர்கள் நூறு வருஷமாகச் செதுக்கி வைத்திருந்த சொற்களில் இருந்துதான். கத்தோலிக்கச் சுவடிகள் சில அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்து, தன் கொள்கைக்கு ஒத்துவராததை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். ஆக, சண்டை தொடங்குவதற்கு முன்னாலேயே இரண்டு தரப்பும் ஒரே அகராதியில் இருந்துதான் பேசிக்கொண்டிருந்தன.

சண்டை எப்போது முற்றியது என்றால், 1720களின் பின்பாதியில். தஞ்சாவூர்ப் படையில் ராஜநாயக்கன் என்று ஒரு சிப்பாய். பறையர் சமூகம். பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சடித்த சுவிசேஷம் அவர் கைக்கு வந்தது. படித்தார். படித்துவிட்டு லுத்தரன் பக்கம் போனார். அவரோடு இன்னும் பலர் போனார்கள். தஞ்சாவூர்ச் சீமைக்குள் ஐரோப்பிய மிஷனரி யாரும் காலே வைக்காமல், வெறும் காகிதம் செய்த வேலை இது.

ஏலாக்குறிச்சியில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அடிபட்டு உதைபட்டு ஆற்றைத் தாண்டி வந்த ஜனங்களுக்கு மேய்ப்பர் அவர். அவர் ஆள் மாறி அங்கே போகிறார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட, அவரைக் கோபப்படுத்தியது அந்தப் புத்தகத்தின் தமிழ் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கம்பனில் ஊறிய ஆளுக்கு, கடற்கரையில் மீனவர்களும் வியாபாரிகளும் துபாஷிகளும் பேசும் தமிழும் ஜெர்மன் வாக்கிய அமைப்பும் கலந்த அந்த உரைநடை சகிக்கவில்லை. 1728ல் வேத விளக்கம் என்று ஒரு நூல் எழுதினார். சுரூப வணக்கம், புனிதர்கள், திருச்சபை அதிகாரம் என்று கொள்கை விவகாரம் எல்லாம் உண்டு. கூடவே, இப்பேர்ப்பட்ட வேதத்தை இப்படிப்பட்ட தமிழிலா எழுதுவது என்று தரங்கம்பாடி மொழிபெயர்ப்பை உரித்து எடுத்திருக்கிறார். அவர்கள் சும்மா இருப்பார்களா? திருச்சபை பேதகம் என்று பதில் நூல் அச்சடித்தார்கள். அதற்கு இவர் பேதகமறுத்தல் எழுதினார். லூத்தரினத்தியல்பு என்று இன்னொன்று. தலைப்பைப் பாருங்கள், இந்த இனத்தோட குணமே இதுதான் என்று சொல்கிற தொனி!

இரண்டு பக்கமும் கையில் இருந்த ஆயுதம் வேறு வேறு. அவர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. இவரிடம் பனையோலையும் எழுத்தாணியும் ஏடு பெயர்த்து எழுதும் ஆட்களும்தான். ஒரு பிரதி ஆயிரம் பிரதி ஆவது அங்கே சில நாள் வேலை. இங்கே ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் கையால் கீற வேண்டும். தமிழ் யாருக்கு நன்றாக வருகிறது என்ற போட்டியில் பெஸ்கி ஜெயித்திருக்கலாம், எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதில் தரங்கம்பாடிதான் முன்னே இருந்தது.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

வேத விளக்கம் எழுதிய அதே 1728 வாக்கில் பெஸ்கி லத்தீனில் ஒரு இலக்கணம் எழுதி முடித்தார். செந்தமிழுக்கு இல்லை. கொடுந்தமிழுக்கு. கொடுந்தமிழ் என்றால் கொடுமையான தமிழ் இல்லைங்க, கொடுக்கு மாதிரி வளைந்த தமிழ். ஜனங்கள் பேசுகிற தமிழ். தமிழ்நாட்டுக்குப் புதிதாக வரும் பாதிரிமார்கள் சந்தையில், வயலில், வீட்டு வாசலில் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதற்கான கையேடு அது. நம் புலவர்கள் யாரும் அந்தத் தமிழுக்கு இலக்கணம் எழுதலாம் என்றே நினைத்ததில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் ஒரு ஓரத்தில் உலக வழக்கு என்று சொல்லிவிட்டுச் செய்யுளுக்குப் போய்விடும். செந்தமிழுக்கும் அவர் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணமும் எழுதினார், 1730ல். ஆனால் கொடுந்தமிழுக்கு எழுதினார் பாருங்கள், அதுதான் புதுசு.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். எதிராளியின் தமிழ் தெருத்தமிழ் என்று கிண்டல் செய்த அதே மனிதர், அதே காலத்தில் உட்கார்ந்து தெருத்தமிழுக்கு ஒழுங்காக விதி எழுதுகிறார். சிலர் இதை முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசும் தமிழ் மட்டம் என்று அவர் சொல்லவில்லை. பேச்சுக்கு ஒரு நியதி, எழுத்துக்கு ஒரு நியதி, இரண்டையும் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் குழப்பாதே என்பதுதான் அவர் கட்சி. சரியோ தப்போ, அந்தக் கட்சியில் நின்று பேச அவர் இரண்டு தமிழையும் கற்றிருந்தார். (இந்தப் பதிவில் நான் ரெண்டையும் கலந்து அடிக்கிறதை அவர் பார்த்தா என்னையும் ஒரு பேதகமறுத்தல்ல சேர்த்திருப்பார்.)

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் அச்சானது. எங்கே அச்சானது?

தரங்கம்பாடியில்.

ஆமாம், அவர் பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அதே லுத்தரன் மிஷன் அச்சுக்கூடத்தில். அவர் பெயரை மறைக்காமல், சேசு சபைத் துறவி பெஸ்கி எழுதியது என்று போட்டே அடித்தார்கள். அதோடு விடவில்லை. 1739ல் தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோப் தியோடோசியஸ் வால்தர், அந்த இலக்கணத்துக்குத் துணையாகப் பேச்சுத்தமிழ் பற்றித் தன் குறிப்புகளை லத்தீனில் எழுதி அச்சிட்டார். வால்தர் 1725ல் இருந்து தரங்கம்பாடியில் இருந்தவர், சண்டை உச்சத்தில் இருந்த எல்லா வருஷமும் எதிர்முகாமில் இருந்தவர். எதிரியின் புத்தகத்தைக் கிழிக்க எழுதாமல், எதிரி விட்ட இடத்தை நிரப்ப எழுதினார். ஒருவர் எழுதிய நிரலை அவருக்கு ஆகாத கம்பெனிக்காரன் எடுத்து, அவர் பெயரோடு வெளியிட்டு, கூடவே ஒரு திருத்தக் குறிப்பும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

ஏன் செய்தார்கள்? பெருந்தன்மை என்று மட்டும் சொல்லமாட்டேன். தேவை. அவர்களின் புது ஆட்களுக்கும் ஜனங்களோடு பேச வேண்டியிருந்தது. சீகன்பால்கு எழுதிய இலக்கணம் 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகியிருந்தாலும், பெஸ்கி எழுதியது அதைவிட நல்ல இலக்கணம் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. திட்டு வாங்கியதால் தங்கள் தமிழில் எங்கே ஓட்டை என்று அவர்களுக்குத் தெரிந்தது. பிற்பாடு பப்ரிசியஸ் வந்து பைபிளை மறுபடி மொழிபெயர்த்தபோது வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழர்களிடம் படித்துக்காட்டித் திருத்தினார் என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பழைய கிண்டல்களின் உறுத்தலும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஓலைச்சுவடியில் எ, ஏ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய இலக்கணப்படி குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும். ஆனால் ஓலையில் புள்ளி வைத்தால் பொத்தல் விழும் என்று யாரும் வைப்பதில்லை. அதனால் தென்னா தேனா, பெய்யா பேயா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவனுக்குப் பழகிவிடும். புதிதாகக் கற்கும் வெளியூர்க்காரனுக்கு நரகம். பெஸ்கி வெளியூர்க்காரர். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். எ என்பதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ என்பதற்கு ஒரு சுழி சேர்த்தால் ஓ. ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்தால் நெடில் கொம்பு. 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் இதை நிலைநிறுத்தின. இன்றைக்கு யூனிகோடில் இரண்டு கொம்புக்கும் தனித்தனி எண் இருக்கிறது. ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்தே அவர் கொடுத்த வடிவம்தான். உள்ளே இருப்பவனுக்கு உறைக்காத குறை வெளியே இருந்து வந்தவன் கண்ணில் பட்டிருக்கிறது.

பரமார்த்த குரு கதையும் இந்தக் கணக்கில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு குரு, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்ப்பது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவது. இதை அவர் எழுதியது வேடிக்கைக்கு மட்டும் இல்லை, கொடுந்தமிழ் படிக்கும் பாதிரிமார்களுக்குப் பயிற்சிப் பாடமாகவும்தான். பக்கத்திலேயே லத்தீனும் கொடுத்திருந்தார். தமிழில் உரைநடையில் கதை எழுதியதற்கு ஆரம்ப உதாரணங்களில் ஒன்று. அந்த முட்டாள் குரு யார் என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. மடத்துச் சாமியார்களைக் கிண்டல் செய்கிறார் என்பார் ஒருவர். தரங்கம்பாடிப் பாதிரிகளைத்தான் குத்துகிறார் என்பார் இன்னொருவர். ஐரோப்பாவில் உலவும் முட்டாள் ஊர்க் கதைகளைத் தமிழ்ச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான் என்பார் மூன்றாமவர். எனக்கு மூன்றாவது கட்சியும், கொஞ்சம் போல இரண்டாவதும். அந்த ஆறு மட்டும் கொள்ளிடம்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், யாரும் கேஸ் போடாதீர்கள்.

இதையும் 1822ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டது பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர். செந்தமிழ் இலக்கணத்தை அதே வருஷம் ஆங்கிலத்தில் சென்னையில் கொண்டுவந்ததும் அவரே. ஜி.யு. போப் 1886ல் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, பெஸ்கியின் லத்தீனை உள்ளே சேர்த்து அச்சடித்தார். சதுரகராதி அச்சானது 1824ல், சென்னையில், கம்பெனிக்காரர்களின் கல்லூரியைச் சுற்றி இருந்தவர்களின் முயற்சியில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கத்தோலிக்கத் துறவியைக் காப்பாற்றிக் கொடுத்ததில் பெரும்பங்கு புராட்டஸ்டண்டுகளுடையது.

அவர் வாழ்க்கையைப் பற்றிய கதைகளும் இப்படித்தான் ஒன்றோடு ஒன்று மோதும். சென்னையில் எல்லிஸ் துரை சொல்லி ஊர் ஊராகப் போய் பெஸ்கியின் ஏடுகளைத் தேடியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. 1822ல் அவர் தமிழில் எழுதிய சரித்திரம்தான் பின்னால் வந்த எல்லாருக்கும் மூலம். அதில் பெஸ்கி ராஜா மாதிரி வருவார். பல்லக்கு, புலித்தோல் ஆசனம், காதில் கடுக்கன். சந்தா சாகிபைப் பார்க்கப் போவதற்காக மூன்றே மாதத்தில் பாரசீகமும் உருதுவும் கற்றார், நவாப் அசந்துபோய் இஸ்மத் சந்நியாசி என்று பட்டம் கொடுத்து, நான்கு கிராமம் மானியம் விட்டுத் திவானாகவும் வைத்துக்கொண்டார் என்று போகும். 1918ல் திருச்சியில் லியோன் பெஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் சபை ஆவணங்களை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சலித்துப் பார்த்து எழுதினார். பழைய புத்தகங்களில் இறந்த வருஷம்கூட 1742 என்று இருக்கும். உண்மையில் 1747 பிப்ரவரியில் கேரளாவில் அம்பலக்காட்டில் இறந்தார்.

சந்தா சாகிப் திருச்சியில் இருந்தது 1736ல் இருந்து 1741 வரைக்கும்தான். மராத்தியர் வந்து பிடித்துப்போனார்கள். திரும்பி வந்து 1751ல் பெரம்பலூர் பக்கம் வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து ஆங்கிலேயர்களை விரட்டியவர் அதே ஆள்தான். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே பெஸ்கி போய்ச் சேர்ந்துவிட்டார்.

முத்துசாமிப் பிள்ளை கதை கட்டினார் என்று சிலர் லேசாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெஸ்கி இறந்து எழுபது வருஷம் கழித்து, பெஸ்கி வேலை செய்த ஊர்களில் ஜனங்கள் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை அவர் கேட்டு எழுதினார். திவான் பதவி நடந்ததோ இல்லையோ, ஜனங்கள் மனசில் அவர் அப்படித்தான் பல்லக்கில் போனார். லியோன் பெஸ்ஸுக்கு ஆவணம் பேசியது, பிள்ளைக்கு ஊர் பேசியது. இரண்டையும் வைத்துக்கொண்டு படிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடவுளை என்ன சொல்லி அழைப்பது என்பதில் இரண்டு தரப்பும் 1747க்குப் பிறகும் ரொம்ப நாள் பிரிந்தே இருந்தன. கத்தோலிக்கர்கள் சர்வேசுரன் என்றார்கள். பப்ரிசியஸ் பராபரன் என்றார். பிற்பாடு புராட்டஸ்டண்ட் பைபிளில் தேவன் வந்தது. 1995ல் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்து பொது மொழிபெயர்ப்பு ஒன்று கொண்டுவந்தார்கள், அதில் கடவுள். கத்தோலிக்கக் கோயில்களில் அதுதான் படிக்கப்படுகிறது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்னமும் பழைய தேவன்தான்.

ராஜநாயக்கனை நடுவிலேயே விட்டுவிட்டேன். சண்டைக்கு ஒரு காரணமாக இருந்தவர் அவர். தரங்கம்பாடி மிஷனுக்காகத் தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் உபதேசியாராக நடந்தார். எந்தப் பாதிரியும் நுழைய முடியாத ஊர்களில் அவர்தான் மிஷன். 1733ல் ஆரோன் என்ற தமிழரை அவர்கள் முதல் முறையாகப் பாதிரியாராக அபிஷேகம் செய்தார்கள். அவர் வெள்ளாளர். அடுத்த ஆளை எடுக்க வேண்டி வந்தபோது ராஜநாயக்கன் பெயர் அடிபட்டது. பறையர் கையால் நற்கருணை வாங்கமாட்டோம் என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடம் எதிர்ப்பு இருந்தது. கத்தோலிக்கச் சபையின் தவறுகளைப் புத்தகம் புத்தகமாக அச்சடித்த மிஷன் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. ஏலாக்குறிச்சித் தரப்பும் இதைச் சுட்டிக்காட்டும் நிலையில் இல்லை. அங்கேயும் சாதிக்கேற்ற மாதிரி சந்நியாசி வேறு, பண்டாரசாமி வேறு என்று டி நொபிலி காலத்தில் இருந்தே வழக்கம். தமிழ் நடையில் இருந்து தலைவணங்கும் முறை வரைக்கும் எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

1741ல் பாதிரியார் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரைக்கும் உபதேசியார்தான்.